விவேக அணிக்கு ஒரு ஆள் குறைகிறது

புதன்கிழமை பின்னேரம் அந்த எல்லையோர ஊரின்மேல் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. சனிக்கிழமை காலை, அங்கிருந்து பதின்மூவாயிரம் கிலோமீற்றர் தள்ளி, மெல்பேர்ணின் கிளென் வேவர்லியில், தென்திசைத் தமிழ்ச் சான்றோர் பேரவை அவசரமாகக் கூடியது. முதலாவது தீர்மானம் தீபாவளி விழாவின் வடை பற்றியது. ஆளுக்கு ஒன்றா, ஒன்றரையா என்று நாற்பது நிமிடம் போனது. இரண்டாவது தீர்மானம் சிரியா. அது ஆறு நிமிடத்தில் முடிந்தது.

பேரவையின் தீபாவளிப் பட்டிமன்றத்துக்குப் பதினொரு வருடமாக ஒரே தலைப்புத்தான்: குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா? பதினொரு வருடமும் மனைவியே வென்றாள். பதினொரு வருடமும் மனைவிமார் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றதால் அந்தத் தீர்ப்பை ஒருத்தியும் காதால் கேட்டதில்லை. இந்த வருடம் விழாவுக்கு எம்.பி. ஒருவர் வருகிறார், அதுவும் வெளிவிவகாரத்தில் ஆர்வமுள்ளவர் என்று தெரிந்ததும், தலைப்பையும் வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. தோதாக, அந்த வாரம் அமெரிக்கப் படை சிரியாவின் வடக்கிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. கறுப்புக்கொடித் தீவிரவாதிகளை எதிர்த்து அமெரிக்கரோடு வருடக்கணக்காய் நின்று செத்த குர்து மக்கள் அங்கேயே விடப்பட்டார்கள். மூன்றாம் நாளே துருக்கியின் விமானங்கள் வந்தன. ஆகவே தலைப்பு: 'குர்துக் கூட்டாளிகளைக் கைவிட்டு விலகுவது விவேகமே! துரோகமே!' தீர்ப்பின் பிரதிகளை வாஷிங்டனுக்கும் அங்காராவுக்கும் டமாஸ்கஸுக்கும், நகல் ஒன்றை உள்ளூர் நூலகத்துக்கும் அனுப்புவதென்று ஏகமனதாக முடிவானது.

வரதராஜா அந்தக் கூட்டத்தில் வாசலோரம் நின்றான். அவன் பேரவையின் கதிரை அடுக்கும் உபகுழுவில் அங்கத்தவன். உபகுழுவில் வேறு அங்கத்தவர் கிடையாது. வன்னியிலிருந்து வந்து பத்து வருடம். டண்டினோங்கில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. கூட்டம் முடிந்து வடை எண்ணிக்கையில் தோற்றவர்கள் கலைந்த பிறகு, தலைவர் ஈஸ்வரமூர்த்தியிடம் மெல்லப் போனான்.

"சேர், ஒரு உதவி. என்னோட வேலை செய்யிற ஒரு குர்துப் பெடியன் இருக்கிறான், ஷெர்கோ எண்டு. அவன்ர தமக்கையும் ரெண்டு பிள்ளையளும் குண்டு போடுற அந்த ஊருக்குள்ளதான். விசாவுக்குப் போட்டிருக்கினம். ஒரு சமூக அமைப்பு ஆதரவுக் கடிதம் குடுத்து, அதை எம்.பி.யின்ர கையில நேர குடுத்தா நல்லதெண்டு லோயர் சொல்லுறார். எங்கட விழாவுக்கு அவர் வாறார்தானே?"

ஈஸ்வரமூர்த்தி கோயம்புத்தூர்க்காரர். ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் ஆட்களைக் குறைக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. கருணை ததும்பும் முகம்.

"லெட்டர்தானுங்களே, தாராளமா. மேடையிலயே அவருக்கு ரெண்டு நிமிஷம் குடுத்துரலாம். எம்.பி. கண்ணு முன்னாடி பேசட்டும். ஆனா பாருங்க, நமக்கு ஒரு சிக்கல். எல்லாரும் துரோகமேன்னு பேசத்தான் போட்டி போடறாங்க. அதுல கைதட்டு ஜாஸ்தி. விவேக அணிக்கு நான் கேப்டன். எனக்கு ஒரு ஆள் குறையுது."

"சேர், நான் வன்னியில கடைசிமட்டும் நிண்டனான்."

"தெரியுமுங்க. அதனாலதானே கேக்கறேன்? உங்களுக்கு ஃபீல்ட் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு."

ஈஸ்வரமூர்த்தி அவன் தோளில் கை வைத்தார்.

"அணி வேற, மனசு வேறங்க. நான் ஆபீஸ்ல இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்புனவன். ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சு அழுதிருக்கேன். அழுதேன்கறதுக்காக அனுப்பாம இருந்தனா? பட்டிமன்றம்னா அப்படித்தான். அஞ்சு பாயிண்டு எழுதித் தர்றேன், அப்படியே வாசிச்சுருங்க. லெட்டருக்கு நான் பொறுப்பு."

இப்படியாக, கைவிடப்பட்ட ஒருவன், கைவிடப்படும் ஒருத்திக்குக் கடிதம் வாங்குவதற்காக, கைவிடுவதே சரி என்று பேச ஒப்புக்கொண்டான். தமிழரின் தருக்க மரபு தொன்மையானது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஷெர்கோ போனை மேசையில் வைத்து, தமக்கை நெஸ்ரின் அனுப்பிய குரலைப் போட்டான். இருவருக்கும் பொதுவாயிருந்தது தொழிற்சாலை இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

பெண்குரல் ஒன்று தாழ்ந்து, வேகமாகப் பேசியது. நடுவில் இரும்புக் கதவை அறைந்ததுபோல் ஒரு சத்தம். பிள்ளை ஒன்று வீரிட்டது. குரல் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் தொடங்கியது.

"ஆட்லறி," என்றான் வரதராஜா. "ஒண்டரைக் கிலோமீற்றர் தள்ளி. அவைக்கு இல்லை."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

ஷெர்கோ மொழிபெயர்த்தான். பள்ளிக்கூடத்தின் நிலவறையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். நேற்றுப் பாண் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரி மதிலோடு ஒட்டிப்போனாள். மண்வெட்டியால் சுரண்டி எடுத்துப் போர்வையில் கட்டினார்கள். சின்னவன் மூன்று நாளாய்ப் பேசவில்லை. கடிதம் கிடைத்ததா?

"கிடைக்கும்," என்றான் வரதராஜா. "சனிக்கிழமை நீயும் மேடையில ரெண்டு நிமிசம் பேசுறாய். நானும் பேசுறன்."

"எங்களுக்காகப் பேசுகிறாயா, ராஜா?"

வரதராஜா தலையை ஆட்டினான். எந்தப் பக்கத்துக்கு ஆட்டினான் என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாதபடி ஆட்டினான்.

கடிதம் செவ்வாய்க்கிழமையே தயாராகிவிட்டது. கையெழுத்துத்தான் தயாராகவில்லை. பேரவையின் யாப்பின்படி வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். செயலாளர் பல் வைத்தியர் அருந்தவன். அவரும் தலைவரும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய விழாவில் குத்துவிளக்கின் முதல் திரியைத் தலைவர் ஏற்றினார். நாலு திரியை விருந்தினர் ஏற்றினார்கள். செயலாளருக்குத் திரி இல்லை. 'தீக்குச்சி தந்தவன் நான்' என்று அருந்தவன் அன்று சொன்னதே அவர்களிடையே நடந்த கடைசி உரையாடல். அதன்பின் எல்லாத் தொடர்பும் உபதலைவி கிரிஜா மூலம்தான். அடுத்த தெருவில் குடியிருக்கும் இருவருக்கும் இடையில் அவள் ஜெனிவாவைப்போல இருந்தாள்.

"வரதராஜா சார், தலைவர் என்ன சொல்றார்னா, செயலாளர் போட்டா அடுத்த நிமிஷம் போட்டுடறேங்கறார்," என்றாள் கிரிஜா புதன்கிழமை.

வரதராஜா அருந்தவனின் பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். வாய் திறந்தபடி ஒரு நோயாளி கிடக்க, அருந்தவன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அருமையான கடிதம், வரதன். வாசிக்க நெஞ்சு பதறுது. முதல்ல அந்தாள் போடட்டும். நான் முதல்ல போட்டா, பேந்து நான் அவசரப்பட்டதெண்டு கதை கட்டுவினம்."

"சேர், அங்க சனம் சாகுது."

"ஓம், அதுக்காகத்தானே நான் துரோகமே அணிக்குக் கேப்டனாயிருக்கிறன்? சனிக்கிழமை வந்து பாரும், என்ர பேச்சில ஒருத்தற்ற கண்ணிலயும் ஈரம் காயாது." நோயாளியின் வாய்க்குள் எதையோ கொழுவி இழுத்தார். நோயாளி முனகினார். "அவைக்காக நான் சாகவும் தயார் எண்டு முடிக்கிறன். எப்பிடி?"

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பியது. வலப்பக்கக் கதிரைகளில் தலைவரின் ஆட்கள், இடப்பக்கம் செயலாளரின் ஆட்கள். நடுவில் வரதராஜா அடுக்கிய நடைபாதை. மேடையில் நடுவர் 'சொற்போர்த் தளபதி' சடகோபன் வீற்றிருந்தார். சென்னையிலிருந்து விமானத்தில் வந்தவர். இருபத்தாறு நாடுகளில் தீர்ப்பு வழங்கியவர். அவற்றில் ஒன்றும் இதுவரை மேன்முறையீட்டுக்குப் போனதில்லை.

ஷெர்கோ கோட் போட்டு வந்திருந்தான். கையில் இரண்டு நிமிடத்துக்கு எழுதிய தாள். கையெழுத்தில்லாத கடிதம் உள்பையில். முன்வரிசையில் இருத்தினார்கள். பிறகு ஆதரவாளர் ஒருவரின் மாமியார் வந்ததால் மூன்றாம் வரிசைக்கு மாற்றினார்கள்.

விளக்கேற்றினார்கள். இம்முறை திரி ஒன்பது. இருந்தும் தீக்குச்சியை யார் உரசுவது என்பதில் கால்மணி நேரம் தாமதம். பிறகு பொன்னாடை. முப்பத்தொரு பொன்னாடை போர்த்தி முடிந்தபோது, இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகியிருந்தது. பரதம் முடிந்தபோது அரை நிமிடம். கடைசியில் கிரிஜா மைக்கில் சொன்னாள்: "நேரமின்மை காரணமாக, நமது குர்து நண்பரைப் பேச வைப்பதற்குப் பதிலாகக் கௌரவிக்கிறோம்." ஷெர்கோவைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடையைப் போர்த்தி, படம் பிடித்து, இறக்கி விட்டார்கள். அவன் தாளைக் கையில் வைத்தபடி இறங்கினான்.

எம்.பி. பேசினார். தனக்குத் தோசை பிடிக்கும் என்றார். அதுவும் மசாலாத் தோசை. "அவுஸ்திரேலியர் ஒருபோதும் தோழனை விட்டுவிட்டு ஓடுவதில்லை. அது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது," என்றார். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள், பொன்னாடையோடு, பக்கக் கதவால் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று தீபாவளி இருந்தது.

ஷெர்கோ பின்னால் ஓடினான். வரதராஜாவும் ஓடினான். கார்க் கதவருகே எம்.பி.யின் உதவியாளப் பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல பெண்.

"இதில் கையெழுத்து இல்லையே. கையெழுத்தில்லாததை நான் கோப்பில் வைக்கமுடியாது. அவர் நாளைக் காலை வெளிநாடு போகிறார், மூன்று வாரம். இன்றைக்கு ஏழு மணிக்குள் கையெழுத்தோடு எனக்கு அனுப்புங்கள். அவருடைய பையில் நானே வைக்கிறேன்."

அப்போது நேரம் நாலு ஐந்து.

பட்டிமன்றம் தொடங்கியது. அருந்தவன் எழுந்து குர்து மக்களுக்காக அழுதார். நேரத்தை நினைவூட்டும் முதல் மணி அடிக்கும்போது ஒரு கண்ணாலும், இரண்டாம் மணிக்கு இரு கண்ணாலும் அழுதார். "அவர்களுக்காக என் உயிரையும் தருவேன்!" என்று மேசையில் குத்தினார். இடப்பக்கம் விசில் அடித்தது. அவர் உட்கார்ந்ததும் வரதராஜா கடிதத்தையும் பேனையையும் மேசைக்கு அடியால் நீட்டினான்.

"அந்தாள் போட்டதே?" என்று கேட்டார் அருந்தவன், கண்ணைத் துடைத்தபடி.

ஈஸ்வரமூர்த்தி எழுந்து, நாடுகளுக்கு நிரந்தர நண்பர்கள் இல்லை, நிரந்தர வடை மட்டுமே உண்டு என்று தொடங்கி, தான் வேலையிலிருந்து அனுப்பிய இருநூறு பேரும் இன்று எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்பதை விளக்கினார். "சந்தோஷமா இருக்காங்கன்னுதான் நெனைக்கிறேன். யாரும் போன் எடுக்கறதில்ல." வலப்பக்கம் விசில் அடித்தது.

பிறகு வரதராஜாவின் பெயர்.

அவன் மைக் முன்னால் நின்றான். கையிலிருந்த தாள் வியர்வையில் ஊறி, ஐந்து பொயின்றும் ஒன்றோடொன்று கலந்து நீலமாக ஓடியிருந்தது. மூன்றாம் வரிசையில் பொன்னாடையோடு இருந்த ஷெர்கோ, பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

"விலகிறது விவேகம்தான்," என்றான் வரதராஜா. "ஆனா அதை முறையாச் செய்யவேணும். அதுக்கு முறை இருக்கு. நான் பாத்திருக்கிறன்."

சபை நிமிர்ந்தது.

"முதல்ல வெளிநாட்டு உதவிக்காரற்ற வெள்ளை வாகனங்களைக் கழுவவேணும். கிளிநொச்சியில அப்பிடித்தான் கழுவினவை. ஏதோ விழா வருதாக்கும் எண்டு நாங்கள் நினைச்சம். அடுத்தது, பைலுகளை எரிக்கவேணும். வடிவா, ஒரு தாளும் மிச்சமில்லாம. எரிக்கிற இடத்தில சனம் வந்து நிண்டு, என்ன எரியுது எண்டு கேக்கும். குப்பை எண்டு சொல்லவேணும்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்புப் பரவியது.

"மூண்டாவது, கேற்றில சனம் வந்து குந்தும். போகாதேங்கோ, நீங்கள் போனா எங்களைக் கொல்லுவாங்கள் எண்டு கும்பிடும். அப்ப ஒரு நல்ல மனிசனை வெளிய அனுப்பவேணும். அழக்கூடிய ஆளாப் பாத்து அனுப்பவேணும். அவர் வந்து எல்லாற்ற கையையும் பிடிச்சு அழுவார். அவர் அழுறதைப் பாத்து நாங்கள்தான் அவரைத் தேற்றினனாங்கள். போயிட்டு வாங்கோ எண்டு நாங்களே சொன்னம்."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சடகோபன் மைக்கை இழுத்தார். "ஆஹா! கவனித்தீர்களா? இதற்குத்தான் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயர்! புகழ்வதுபோல் இகழ்வது! தொடருங்கள், தம்பி!"

"நாலாவது, போனாப் பிறகு திரும்பிப் பாக்கக்கூடாது. ஏனெண்டா பேந்து எட்டு மாசத்தில..." வரதராஜா நிறுத்தினான். முதல் மணி அடித்தது. கிரிஜாவின் கை மணிமேல் இருந்தது. "என்ர தம்பி சிறிக்குப் பத்தொன்பது வயசு. முள்ளிவாய்க்கால்ல பங்கருக்குள்ள விட்டிட்டுத் தண்ணிக்குப் போனனான். வந்து பாத்தா, பங்கர் இல்லை. கையால தோண்டினன். முதல் ஆரோ ஒருத்தற்ற தலைமயிர் வந்தது. பேந்து ஒரு கால். செருப்போட. செருப்பு அவன்ர. கால் அவன்ரயோ எண்டு..."

இரண்டாம் மணி அடித்தது.

வரதராஜா சட்டத்துக்கு அடங்கியவன். நிறுத்தினான்.

"நேரம்! நேரம்!" என்று சடகோபன் எழுந்து நின்று தட்டினார். "செருப்பில் முடித்தாரே, அங்கே நிற்கிறான் தமிழன்!" வலமும் இடமும் ஒன்றாக எழுந்து தட்டின. மூன்றாம் வரிசையில் ஷெர்கோவும் எழுந்து, ஒரு சொல்லும் விளங்காமல், கண்கலங்கி, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

தீர்ப்பு ஐந்து மணிக்கு வந்தது. முக்கால் மணி நேரத்தில் இரு பக்கத்தையும் நிறுத்துவிட்டேன் என்றார் சடகோபன். விலகுவது விவேகமே. ஆனால் கண்ணீரோடு விலகவேண்டும். சிறந்த பேச்சாளர் கோப்பை வரதராஜாவுக்கு. அதை வழங்க, மாண்புமிகு எம்.பி. அவர்கள்...

எம்.பி. அப்போது அடுத்த தீபாவளியில் அடுத்த தோசையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

கோப்பை பித்தளை. மூன்று கிலோ. கருங்கல் அடி. அதைத் தலைவர் இடக்கைப் பிடியாலும் செயலாளர் வலக்கைப் பிடியாலும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். படம் பிடிப்பவர் காத்திருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அருந்தவன் ஈஸ்வரமூர்த்தியிடம் நேரே பேசினார்:

"விடும்."

"நீங்க விடுங்க."

"அண்டைக்குத் திரி. இண்டைக்குக் கோப்பையோ?"

அருந்தவன் அடித்தார். கைதேர்ந்த வைத்தியர், நாலு வருடத்துக்கு முன் தானே பூட்டிக்கொடுத்த முன்பல்லை ஒரே குத்தில் தானே கழற்றினார். ஈஸ்வரமூர்த்தி பல்லையும் இரத்தத்தையும் சேர்த்துத் துப்பிவிட்டு, செயலாளரின் காதைக் கடித்தார். வலப்பக்கம் எழுந்தது. இடப்பக்கம் எழுந்தது. துரோகத்தை எதிர்த்தவர்கள் முதற் கதிரையை எறிந்தார்கள். விவேகத்தை ஆதரித்தவர்கள் இரண்டாவதை. பொன்னாடையால் ஒருவரின் கழுத்தை ஒருவர் முறுக்கினார். மைக் கம்பி ஒரு தோள்மூட்டில் இறங்கியபோது, அந்த முறிவு நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது. சாம்பார் வாளி யாருடைய முதுகிலோ கவிழ்ந்தது. சொற்போர்த் தளபதி மேசைக்கு அடியில் போய், அங்கிருந்து கைப்பையை இழுத்துக்கொண்டார். கிரிஜா நிறுத்தாமல் மணி அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் நேரத்தை மதிக்கவில்லை.

ஷெர்கோ மட்டும் மேடையை நோக்கி ஓடினான். சண்டை நடக்கும் இடத்தை நோக்கி ஓடிப் பழகியவர்கள் அந்த மண்டபத்தில் இரண்டு பேர்தான். மற்றவன் கையில் கடிதத்தோடு நின்றான். ஷெர்கோ தலைவருக்கும் செயலாளருக்கும் நடுவில் புகுந்து, அருந்தவனைத் தன் முதுகால் மறைத்தான். அந்த நேரம் பார்த்து ஈஸ்வரமூர்த்தி கோப்பையை ஓங்கி இறக்கினார்.

தேங்காய் உடைத்தாற்போல ஒரு சத்தம். ஷெர்கோ முழங்காலில் இருந்தான். கோப்பையின் கருங்கல் அடி அவன் புருவத்துக்கு மேலே தோலைப் பிளந்திருந்தது. வெள்ளையாக எலும்பு தெரிந்து, உடனே சிவப்பு மூடியது. பொன்னாடை நனைந்து கறுத்தது. மண்டபம் அமைதியானது.

பொலிஸ் வந்தது. இளம் பெண் அதிகாரி, குறிப்புப் புத்தகத்தோடு.

"எப்படி நடந்தது?"

"அமைதியா விழா நடந்துட்டு இருந்துச்சுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி, கைலேஞ்சியை வாயில் பொத்தியபடி. "வெளியாள் ஒருத்தர் மேடை ஏறிட்டார்."

"ஓம், அதுதான் நடந்தது," என்றார் அருந்தவன், காதைப் பிடித்தபடி.

"இந்த மனிதரை இங்கே கூட்டிவந்தது யார்?"

செயற்குழுவினர் பதினொரு பேரும் ஓரடி பின்னால் வைத்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், சொல்லி வைத்தாற்போல. பிறகு இன்னும் ஓரடி. மேடைத் திரை முதுகில் முட்டியது. பின்வாங்கல் ஒழுங்காக நடந்தது.

"என்னோட வந்தவர்," என்றான் வரதராஜா.

அதைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடி பிந்தியது. ஒரு நொடிதான். ஆனால் பிந்தியது. ஷெர்கோவின் மூடாத கண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளேட்டன் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். பொலிஸ் கோப்பையைச் சாட்சிப்பொருளாகக் கொண்டுபோய்விட்டது. அதைத் திருப்பி வாங்கும் பொறுப்பு வெற்றிபெற்ற பேச்சாளருடையது என்று கிரிஜா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் இருந்தது. ஆறு நாற்பது.

வரதராஜாவின் போன் துடித்தது. பேரவையின் வட்ஸ்அப் குழு. ஒரு கடிதத்தின் படம். மேலே பேரவையின் இலச்சினை. கீழே வட்ட முத்திரை. முத்திரைக்கு இடப்பக்கம் ஈஸ்வரமூர்த்தி. வலப்பக்கம் அருந்தவன்.

ஷெர்கோ எட்டிப் பார்த்துக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இரண்டும்! இரண்டு கையெழுத்தும்! ராஜா, இருபது நிமிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அனுப்பு!"

வரதராஜா வாசித்தான். பிறகு தொழிற்சாலை இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். தலைவரும் செயலாளரும் மண்டபத்துக் குசினியில் அவசரமாகக் கூடி, பதினொரு நிமிடத்தில், ஏகமனதாக நிறைவேற்றியது. இன்றைய விழாவில் நிகழ்ந்த விரும்பத்தகாத சம்பவத்துக்குக் காரணமான ஷெர்கோ என்னும் வெளிநபருக்கும் எமது பேரவைக்கும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை, இல்லை, இருக்கப்போவதுமில்லை. அவர் விரைந்து குணமடையப் பேரவை கண்ணீரோடு பிரார்த்திக்கிறது.

ஷெர்கோ மீண்டும் தலையணையில் சாய்ந்தான்.

"பரவாயில்லை," என்றான். "முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் விலகியபோது எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் போனில் மூன்று வரிதான் வந்தது." பிறகு கேட்டான்: "நீ பேசியபோதுதான் எல்லாரும் எழுந்து தட்டினார்கள். என்ன சொன்னாய்?"

வரதராஜா தரையைப் பார்த்தான்.

"நான் மற்றப் பக்கம் பேசினனான், ஷெர்கோ. உங்களை விட்டிட்டுப் போறது சரி எண்டிற பக்கம். கடிதம் தருவம் எண்டவை. அதுக்காக."

ஷெர்கோ ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான். பரவாயில்லை என்று இம்முறை சொல்லவில்லை.

போன் ஒலித்தது. ஷெர்கோவுடையது. நெஸ்ரினின் குரல். பின்னணியில் அந்த இரும்புக் கதவு அறைந்தது, அடுத்தடுத்து மூன்று தரம். வரதராஜா காதால் அளந்தான். முந்நூறு மீற்றர். அதை அவன் சொல்லவில்லை.

"கடிதம் வந்ததா என்று கேட்கிறாள்," என்றான் ஷெர்கோ. கையை நீட்டினான். "அந்தப் படத்தை எனக்கு அனுப்பு."

"ஏன்? அதில..."

"அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முத்திரை இருக்கிறது. இரண்டு கையெழுத்து இருக்கிறது. இன்றைக்கு அவளுக்கு அது போதும். அனுப்பு."

வரதராஜா அனுப்பினான். ஷெர்கோ அதை அங்கே அனுப்பினான். படத்தின் கீழே ஒரு சரிக்கோடு. நெடுநேரம் ஒரே கோடு. பிறகு இரண்டு. பிறகு இரண்டும் நீலம்.

பதில் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது, பிழையோடு. தமிழ் மக்களுக்கு நன்றி. பிள்ளைகளுக்குக் காட்டினேன். கையெழுத்துப் போட்ட இருவருடைய வீட்டையும் கடவுள் காக்கட்டும்.

வரதராஜா அதை வாங்கி, ஒரு சொல்லும் சேர்க்காமல், பேரவையின் குழுவில் போட்டான்.

ஒரு நிமிடத்துக்குள் முப்பத்தொரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். முதற் கூப்பிய கை ஈஸ்வரமூர்த்தியுடையது. அடுத்தது அருந்தவனுடையது. இரண்டும் ஆறு ஐம்பத்தெட்டு என்றே காட்டியதால், யாருடையது முந்தியது என்பதில் அடுத்த கூட்டத்தில் பிரச்சினை வரக்கூடும்.